கோல்ஃபோவுக்குக் கொடுத்த வாக்கு: பழைய கிரேக்கக் கிராமத்து நாடகங்களில் காதலும் துரோகமும்

பழைய கறுப்பு வெள்ளைக் கிரேக்கப் படங்கள் சிலவற்றை அடுத்தடுத்துப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எல்லாவற்றிலும் ஒரு மலைக் கிராமம், ஆடு மேய்க்கும் ஓர் ஏழைப் பெண், அவளைக் காதலித்துவிட்டு வசதியான வீட்டில் பெண்ணெடுக்கப் போகும் ஒருவன், கடைசியில் சாவு அல்லது பைத்தியம். ஒரே கதையை ஏன் இத்தனை முறை எடுத்தார்கள்? இவற்றுக்கு அழ வைப்பதைத் தவிர வேறு பொருள் உண்டா? இருந்தால் எந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டும்?" சில வரிகளில் முடிக்கக்கூடிய கேள்வி அன்று என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொருள் உண்டு என்பதே என் முடிவு. இந்த நாடகங்களில் துரோகம் செய்பவன் பெரும்பாலும் மனம் மாறிவிட்ட காதலன் அல்லன். அவன் இன்னமும் முதல் பெண்ணைத்தான் நேசிக்கிறான். அவனை இழுத்துச் செல்வது சீதனம். ஏழைகள் இருவருக்கிடையே சொத்து என்று இருந்தது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு மட்டுமே. அந்த வாக்கை ஆடுகளும் மேய்ச்சல் நிலமும் விலைக்கு வாங்கிவிடும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் கிரேக்கர்கள் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக மேடையிலும் திரையிலும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டால், ஒரே கதை போலத் தோன்றும் படங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறாகத் தெரியத் தொடங்கும்.

இந்த மரபின் தாய் நாடகம் 'கோல்ஃபோ'. ஸ்பிரிடோன் பெரேசியாடிஸ் 1893இல் எழுதியது. அவர் பெலோபொனீஸ் பகுதியின் வடக்கே ஹெல்மோஸ் மலைச் சரிவில் உள்ள மெசொருயி என்ற ஊரில் பிறந்தவர். நாடகமும் அந்த மலைச்சாரலிலேயே நடக்கிறது. கோல்ஃபோவும் தாசோஸும் ஏழை இடையர்கள், ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். மந்தைத் தலைவன் ஸீசிஸின் உறவினனும் செல்வனுமான கீட்சோஸ் கோல்ஃபோவைப் பெண் கேட்கிறான். அவள் தாசோஸுக்கு மனத்தைக் கொடுத்துவிட்டதால் மறுத்துவிடுகிறாள். மறுபக்கம், ஸீசிஸின் மகள் ஸ்தவ்ரூலாவைக் கட்டிக்கொண்டால் பெரும் சீதனம் கிடைக்கும் என்ற நிலை தாசோஸின் முன் வருகிறது. கோல்ஃபோ எதை மறுத்தாளோ அதையே அவன் ஏற்றுக்கொள்கிறான். கைவிடப்பட்டவள் அவனைச் சபிக்கிறாள், அறிவு கலங்குகிறாள், நஞ்சைக் குடிக்கிறாள். மனம் வருந்தி அவன் திரும்பி ஓடி வரும்போது நஞ்சு அவள் உடம்பில் ஏறிவிட்டது. அவள் அவன் கையிலேயே உயிர்விடுகிறாள். அவனும் தன்னை மாய்த்துக்கொள்கிறான்.

கதையின் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருவருக்கும் ஒரே சோதனை வருகிறது. செல்வம் கோல்ஃபோவின் வாசலுக்கும் வந்தது, தாசோஸின் வாசலுக்கும் வந்தது. பெண் தாண்டிவிட்ட சோதனையில் ஆண் விழுகிறான். பெரேசியாடிஸ் பெரிய நாடகாசிரியர் என்று நான் வாதிட மாட்டேன். அவருடைய பாத்திரங்கள் உரக்கப் பேசுகிறார்கள், தற்செயல்கள் மிகுதி. ஆனால் இந்த ஒரு கட்டமைப்பு மிகச் சரியானது, கருணையற்றது. ஸ்தவ்ரூலாவும் தீயவள் அல்லள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கூர்மை இன்னும் கூடும்: தகப்பனின் ஆடுகளைக் கொண்டு வாங்கப்பட்ட மணமகன் ஒருவனோடு அவள் வாழ வேண்டியிருந்திருக்கும். துரோகத்தால் ஏமாந்தவர்கள் இங்கே இருவர்.

இடையர் வாழ்க்கையின் அமைப்பு தெரியாமல் இந்தச் சீதனத்தின் வலிமை புரியாது. கிரேக்க மலைகளில் மந்தை வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு இரு முறை இடம்பெயர்ந்தார்கள். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளையொட்டி மலை ஏறுவார்கள். அக்டோபர் 26, புனித திமித்ரியோஸ் திருநாளையொட்டிச் சமவெளிக் குளிர்கால மேய்ச்சலுக்கு இறங்குவார்கள். மேய்ச்சல் குத்தகையும் கூலி ஒப்பந்தமும் இந்த இரண்டு நாட்களைக் கணக்கு வைத்தே பேசப்பட்டன. தனிக் குடும்பம் ஒன்றால் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க முடியாது. ஆகவே பல குடும்பங்கள் ஒரு பெரிய மந்தைக்காரனைச் சுற்றிக் கூட்டாகச் சேர்ந்துகொண்டன. அந்தத் தலைவனுக்கு 'ட்செலிங்காஸ்' என்று பெயர். நிலக்காரனோடு பேசுவது அவன், வியாபாரியிடம் பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் முன்பணம் வாங்குவது அவன், கணக்கை முடிப்பதும் அவனே. அப்படிப்பட்டவன் ஓர் ஏழை இடையனைத் தன் மருமகனாக அழைக்கிறான் என்றால், கூலிக்கு மேய்ப்பவன் ஒரே நாளில் மந்தைக்கு உடையவனாகிறான் என்று பொருள். தாசோஸின் தடுமாற்றத்தை வெறும் பேராசை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பெண்ணின் நிலை இதைவிடக் கடுமையானது. 'ப்ரீகா' என்று கிரேக்கர்கள் சொல்லும் சீதனம் இல்லாமல் ஒரு பெண்ணுக்கு நல்ல இடத்தில் திருமணம் அமைவது அரிது. உடன்பிறந்த சகோதரிகளைக் கட்டிக்கொடுத்த பிறகே அண்ணன் தம்பிகள் மணம் செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் பல ஊர்களில் இருந்தது. தங்கையின் சீதனத்துக்காக உழைத்தே இளமையைக் கழித்த ஆண்கள் எத்தனையோ பேர். சீதனமும் இல்லாமல், ஒருவனோடு பெயர் சேர்ந்து பேசப்பட்டு, பிறகு அவனால் கைவிடப்பட்டவளுக்கு ஊருக்குள் வேறு வாழ்க்கை கிடையாது. 1954-55இல் எபிரஸ் பகுதியின் ஸகோரி மலைகளில் சரகட்சானி என்ற இடையர் சமூகத்தோடு தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜான் காம்பெல், அந்த வாழ்க்கையின் அச்சு மானமே என்று விளக்கினார்: ஆணின் மானம் துணிவில், பெண்ணின் மானம் நாணத்தில், இரண்டும் சேர்ந்து குடும்பத்தின் மானம். இந்தக் கணக்கில் பார்த்தால், கோல்ஃபோ நஞ்சு குடிப்பதற்கு முன்பே ஊர் அவளை இறந்தவளாக எண்ணத் தொடங்கிவிட்டது. பழைய படங்களின் அழுகையை மிகை என்று சொல்பவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள்.

சீதனத்தைக் கிரேக்கச் சட்டம் 1983இல்தான் நீக்கியது. நாடகம் எழுதப்பட்டுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து.

வாக்குக்கு வருகிறேன். ஹெல்மோஸ் மலையின் வடகிழக்கில் ஒரு பாறைச் சுவரிலிருந்து மெல்லிய அருவி ஒன்று விழுகிறது. உள்ளூர் மக்கள் அதைக் கரிய நீர் என்று பொருள்படும் 'மவ்ரொநேரி' என்ற பெயரால் அழைக்கிறார்கள். பழங்காலத்தில் அதுவே ஸ்டிக்ஸ், கிரேக்கப் புராணங்கள் பாதாள உலகின் ஆறு என்று சொல்லும் நீர். தேவர்கள் சத்தியம் செய்ய வேண்டுமானால் ஸ்டிக்ஸின் நீரைச் சொல்லியே செய்வார்கள் என்றும், அந்தச் சத்தியத்தை மீறும் தேவன் ஓராண்டு மூச்சற்றுக் கிடப்பான் என்றும் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடுகிறார். ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமெனஸ் அர்க்காடியத் தலைவர்களை இந்த நீரின் மீது சத்தியம் செய்ய வைக்க முயன்றான் என்று பழங்கால வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். பெரேசியாடிஸ் பிறந்த ஊர் அந்த அருவிக்கு அருகில்தான் இருக்கிறது. தேவர்களையே கட்டிப்போட்ட நீரின் அடிவாரத்தில், ஓர் இடையன் ஓர் இடைச்சிக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறான். இந்தப் பொருத்தத்தை ஆசிரியர் எவ்வளவு தூரம் திட்டமிட்டார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்த மண்ணில் வளர்ந்த ஒருவருக்குச் சத்தியம் என்பது வெறும் சொல்லாக இருந்திருக்க முடியாது. கோல்ஃபோவின் சாபத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தும் சாட்சியும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில், மீறப்பட்ட வாக்கின் மேல் ஓர் ஏழைப் பெண் தொடுக்கக்கூடிய ஒரே வழக்கு சாபம். ஆகையால் அந்தக் காட்சியைக் கோபத்தின் வெடிப்பாக மட்டும் நடிக்கும் நடிகைகளைவிட, தீர்ப்பு வாசிப்பதைப் போல நடிப்பவர்களே என் நெஞ்சில் நிற்கிறார்கள்.

நாடகத்தின் மொழியும் அதன் செல்வாக்குக்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கத்தில் அரசும் பல்கலைக்கழகமும் 'கதரெவுஸா' என்ற தூய்மைப்படுத்தப்பட்ட எழுத்துமொழியைப் பிடித்துக்கொண்டிருந்தன. மக்கள் பேசியது 'திமோதிக்கி'. இந்த மொழிப் பூசல் எத்தகையது என்றால், 1901இல் நற்செய்தி நூல்களைப் பேச்சுமொழியில் பெயர்த்து நாளிதழ் ஒன்று வெளியிட்டதற்காக ஏதென்ஸ் தெருக்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அந்தக் காலத்தில் ஆட்டிடையர்கள் தங்கள் சொல்லிலேயே பேசும் நாடகங்கள் மேடையேறின. முதலில் 1889 முதல் 'கொமெய்டிலியோ' என்ற, பாட்டும் நகைச்சுவையும் கலந்த வகை தோன்றியது. அதிலிருந்து 'நாடக இடிலியம்' என்ற, துயர முடிவுள்ள கிராமத்துக் காதல் நாடக வகை பிரிந்தது. திமித்ரியோஸ் கொரொமிலாஸ் எழுதிய 'இடைச்சியின் காதலன்' 1891ஐச் சேர்ந்தது. கவிஞர் யோர்கோஸ் ஸலொகோஸ்தாஸின் ஒரு சிறு கவிதையே அதற்கு வித்து. 'கோல்ஃபோ' அடுத்து வந்தது. நாட்டுப்புறப் பாடல்களின் 15 அசை அடியிலேயே அது எழுதப்பட்டதால், எழுத்தறியாதவர்களுக்கும் ஒருமுறை கேட்டால் மனத்தில் தங்கியது. ஒப்பாரியும் திருமணப் பாடலும் எந்தச் சந்தத்தில் பாடப்பட்டனவோ அதே சந்தத்தில் நாடகமும் பேசியது.

'புலூக்கியா' எனப்பட்ட ஊர் சுற்றும் சிறு நாடகக் குழுக்கள் இதைத் தூக்கிச் சென்றன. காப்பிக்கடை, பள்ளிக்கூடம், களத்துமேடு, எங்கே இடம் கிடைத்தாலும் இரண்டு திரைச்சீலைகளைக் கட்டி ஆடினார்கள். உடை மூட்டையில் முதன்மையானது 'ஃபுஸ்தனேலா', நூற்றுக்கணக்கான மடிப்புகள் வைத்துத் தைத்த ஆண்களின் வெள்ளைக் குட்டைப் பாவாடை. பிற்காலத்தில் இந்தக் கதைகள் திரைக்கு வந்தபோது மக்கள் அவற்றுக்கு வைத்த பெயரே 'ஃபுஸ்தனேலாப் படங்கள்'.

கிரேக்கத்தின் முதல் முழுநீளக் கதைப்படமே 'கோல்ஃபோ'தான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். கோஸ்தாஸ் பஹாதோரிஸ் இயக்கிய அது 1915இல் திரையிடப்பட்டது. அதன் பிரதி இன்று நமக்குக் கிடைக்கவில்லை. முதல் பேசும் கிரேக்கப் படமாகக் கருதப்படுவது 1932இன் 'இடைச்சியின் காதலன்'. ஆக, ஒரு நாட்டின் சினிமா பிறந்ததும் இந்தக் கதையோடு, வாய் திறந்ததும் இந்தக் கதையோடு. இரண்டு நாடகங்களும் 1950களின் நடுப்பகுதியில் மறுபடி படமாயின. 1955இன் 'கோல்ஃபோ'வை ஒரெஸ்டிஸ் லாஸ்கோஸ் இயக்கினார். கோல்ஃபோவாக அந்திகோனி வலாக்கூ நடித்தார். கவிஞராகவும் விளங்கிய லாஸ்கோஸ் 1931இலேயே பழங்காலக் கிரேக்க இடையர் காதல் கதையான தாஃப்னிஸ், க்ளோயி கதையை மௌனப் படமாக எடுத்தவர். அந்தப் பழைய கதையில் இடையர்களாக வளர்ந்த இருவரும் முடிவில் செல்வந்தர்களின் பிள்ளைகள் என்று தெரிய வந்து, திருமணம் இனிதே நடக்கிறது. பெரேசியாடிஸின் மலையில் அப்படி எந்த அதிர்ஷ்டமும் யாரையும் காப்பாற்றுவதில்லை.

1950களில் ஏன் இந்தப் பெருக்கு? 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மலைக் கிராமங்களே போர்க்களம். பல லட்சம் பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தும் கணிசமானோர் திரும்பவில்லை. ஏதென்ஸின் புறநகர்களில் சிமெண்டு வீடுகளுக்கிடையே திறந்தவெளிக் கோடைத் திரையரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் நேற்றுவரை ஆடு மேய்த்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். தாங்கள் விட்டுவந்த மலையைத் திரையில் பார்த்தார்கள். தாங்கள் விட்டுவந்ததும் ஒருவகைத் துரோகம்தானோ என்ற உறுத்தலும் அந்தக் கண்ணீரில் கலந்திருந்தது என்பது என் ஊகம். அதே மக்கள் அதே அரங்குகளில் அந்த ஆண்டுகளில் இந்திப் படங்களையும் திரளாகப் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 'மதர் இந்தியா' அங்கே 'வியர்வையில் நனைந்த மண்' என்று பொருள்படும் பெயரில் ஓடியது. இந்திப் பாடல்களின் மெட்டுகள் கிரேக்க மக்கள் பாடல்களாயின. ஸ்டெலியோஸ் கஸன்ட்ஸிதிஸ் பாடிய 'மந்துபாலா' இன்றும் பாடப்படுகிறது. கடன், நிலம், மானம், தாய் என்ற சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத பார்வையாளர்கள் அவர்கள்.

'அஸ்தேரோ'வைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1929இல் திமித்ரிஸ் கஸியாதிஸ் எடுத்த மௌனப் படம். எழுத்தாளர் பாவ்லோஸ் நிர்வானாஸ் எழுதிய கதை. நெடுங்காலம் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டு, பிறகு பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்த பிரதியிலிருந்து மீட்கப்பட்டது. மந்தைத் தலைவன் வீட்டில் வளரும் அநாதைப் பெண் அஸ்தேரோ; அவளும் வீட்டு மகனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள்; தகப்பன் பொறுக்காமல் அவளை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறான்; அவள் மனம் பேதலித்து மலையில் அலைகிறாள். இங்கே வாக்குத் தவறியவன் காதலன் அல்லன், வளர்ப்புத் தகப்பன். மகளாக வளர்த்துவிட்டு, மருமகளாக ஏற்க வேண்டிய வேளையில் "நீ அநாதை" என்று நினைவூட்டுகிறவன் அவன். இதே கதையைத் தீனோஸ் திமோபூலோஸ் 1959இல் ஃபினோஸ் நிறுவனத்துக்காக மறுபடி எடுத்தார். அலிக்கி வுயுக்லாக்கியும் திமித்ரிஸ் பாப்பமிகாயிலும் நடித்தார்கள். அந்த ஆண்டின் பெர்லின் திரைப்பட விழாவுக்கும் அது சென்றது. வுயுக்லாக்கியின் துறுதுறுப்புக்கு இந்தப் பாத்திரம் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அவர் சிரிக்கும்போது மலை மறைந்து நட்சத்திரம் மட்டும் தெரிகிறது. ஆனால் ஃபுஸ்தனேலாப் படத்தின் இலக்கணத்தை ஒரே படத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

அதே நடிகை இரண்டாண்டுகளுக்கு முன் நடித்த 'மரியா பெண்டயோட்டிஸா' வேறு திசையில் போகிறது. மரியா உண்மையில் வாழ்ந்த பெண். 1821இல் நடு கிரேக்கத்தின் பெண்டாயி என்ற ஊரில் பிறந்தவள். காதலனோடு சேர்ந்து உடன்பிறந்தவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவள். நீதிமன்றம் விடுவித்தும் பாட்டு அவளை விடவில்லை. ஊரில் ஆட்டுக்குட்டிகளை அறுப்பதையும் மரியாவின் மடியில் இளைஞர்கள் வெட்டுண்டு மடிவதையும் ஒரே மூச்சில் பாடும் அந்த நாட்டுப்பாடல் கிரேக்கம் முழுவதும் தெரிந்தது. கோல்ஃபோவை ஊர் இரக்கத்தோடு நினைவு வைத்தது, மரியாவை அச்சத்தோடு நினைவு வைத்தது. ஆண் வாக்கை மீறினால் அது விதி, பெண் கட்டுப்பாட்டை மீறினால் அது அவள் குணம் என்று ஊர் பிரித்துச் சொல்லும் முறையை இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகக் காணலாம்.

1960களில் ஃபுஸ்தனேலாப் படங்களை நகரத்து விமர்சகர்கள் இகழத் தொடங்கினார்கள். மலிவான செட், அட்டைப் பாறை, பின்னணியில் ஓயாத கிளாரினெட் என்ற குறைகள் பலவும் உண்மையே. அவசரமாக எடுக்கப்பட்ட பல படங்களை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல இயக்குநர்கள் கதையை எடுத்துக்கொண்டு ஃபுஸ்தனேலாவை விட்டுவிட்டார்கள். மிகாலிஸ் காகோயான்னிஸின் 'கறுப்புடைப் பெண்' 1956இல் இத்ரா தீவில் எடுக்கப்பட்டது. எல்லி லம்பேத்தி நடித்த அந்தப் படத்தில் ஊரின் வம்புப் பேச்சே கொலைக் கருவியாகிறது. வசிலிஸ் யோர்யாதிஸின் 1965ஆம் ஆண்டுப் படமான 'மண் சிவந்தது' தெசலிச் சமவெளியின் பண்ணையடிமைகள் நிலம் கேட்டு எழுந்த காலத்தில் நடக்கிறது. 1910 மார்ச் 6 அன்று கிலெலெரில் படையினர் விவசாயிகளைச் சுட்ட நிகழ்வு அந்தப் போராட்டத்தின் உச்சம். அண்ணன் தம்பிக்கிடையிலான காதல் பகையும் நிலத்துக்கான பகையும் ஒன்றாக முறுக்கப்பட்ட அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது.

இந்த வரிசையில் தியோ ஆங்கெலோபூலோஸின் முதல் முழுநீளப் படம் 'மீள்நிகழ்த்தல்' 1970இல் வந்தது. மேலோட்டமாகக் கதை மிகப் பழையது: கணவன் வெளிநாட்டில், மனைவிக்கு ஊர்க் காவலன் ஒருவனோடு உறவு, திரும்பி வந்த கணவனை இருவரும் கொன்றுவிடுகிறார்கள். டிராய்ப் போரிலிருந்து திரும்பிய புராண அரசன் அகமெம்னோனையும், காதலனோடு சேர்ந்து அவனைக் கொன்ற மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவையும் நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் கணவன் திரும்பி வருவது டிராயிலிருந்து அல்ல, ஜெர்மனியிலிருந்து. 1960இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி அங்கே வேலைக்குப் போன லட்சக்கணக்கானோரில் அவன் ஒருவன். எபிரஸின் கல்வீட்டுக் கிராமத்தில், மழையிலும் சேற்றிலும் எடுக்கப்பட்ட இந்தப் படம், 1939இல் 1,250 பேர் இருந்த ஊரில் 1965இல் 85 பேர்தான் மிஞ்சினார்கள் என்ற கணக்கோடு தொடங்குகிறது. கொலை நடந்த வேளையைப் படம் கடைசியில்தான் காட்டுகிறது. அப்போதும் கேமரா வீட்டுக்கு வெளியே முற்றத்திலேயே நிற்கிறது, மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. காவல்துறையும் நீதிபதியும் செய்தியாளர்களும் எத்தனை முறை அந்தக் கொலையை நடித்துக் காட்டச் சொன்னாலும் அது அவர்கள் கைக்கு அகப்படுவதில்லை. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே பார்த்தால், முதலில் ஊரைக் கைவிட்டது நாடு என்ற விடைக்கு அந்த 85 என்ற எண்ணே நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1975இல், அவரே 'நாடகக் குழு'வை எடுத்தார். ஏறக்குறைய நான்கு மணி நேரப் படம். 1939 முதல் 1952 வரை ஊர் சுற்றும் நாடகக் குழு ஒன்று ஊர் ஊராகச் சென்று ஒரே ஒரு நாடகத்தை ஆடுகிறது. அந்த நாடகம் 'கோல்ஃபோ'. சர்வாதிகாரம், இத்தாலியப் படையெடுப்பு, ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, விடுதலை, உள்நாட்டுப் போர் என்று ஒவ்வொன்றும் குறுக்கே வந்து நாடகத்தை நிறுத்திவிடுகிறது. குழுவுக்குள்ளேயும் துரோகம் உண்டு: ஒருவன் குழுத் தலைவரை ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுக்கிறான், அவனோடு சேர்ந்து வாழ்வது தலைவரின் மனைவி. மலையில் கெரில்லாப் படையில் சேர்ந்த மகன் ஒரெஸ்டிஸ் இறங்கி வந்து, 'கோல்ஃபோ' நடந்துகொண்டிருக்கும் மேடையிலேயே இருவரையும் சுட்டுக் கொல்கிறான். அரங்கத்தில் இருப்பவர்கள் அதை நாடகத்தின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டுகிறார்கள். அந்தக் காட்சியை முதன்முறை பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இடையர் நாடகத்தையும், தகப்பனின் கொலைக்காகத் தாயைப் பழிவாங்கும் அகமெம்னோனின் மகன் ஒரெஸ்டிஸின் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையான சோகக் கதையையும் 20ஆம் நூற்றாண்டின் காட்டிக்கொடுப்பையும் ஒரே பலகை மேடையில், ஒரே துப்பாக்கிச் சத்தத்தில் இணைக்க முடியும் என்று அதற்கு முன் நான் எண்ணியதில்லை. இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே இதன் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. ஓர் அப்பாவி இடையர் நாடகத்தைப் பற்றிய படம் என்ற தோற்றம் அதற்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆங்கெலோபூலோஸ் 'கோல்ஃபோ'வைக் கேலி செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேடையில் மீறப்படும் வாக்குக்கும் மேடைக்கு வெளியே மக்களுக்குக் கொடுக்கப்பட்டு மீறப்படும் வாக்குக்கும் இடையே அவர் ஒரு திரைச்சீலையை மட்டுமே வைத்தார். ஏதென்ஸின் தேசிய நாடக அரங்கு 2013இல், நிக்கோஸ் கரதானோஸின் இயக்கத்தில், 'கோல்ஃபோ'வை எபிடாரஸின் பழங்கால அரங்கிலேயே மேடையேற்றியதும் இதே மரியாதையின் தொடர்ச்சிதான். சோஃபக்ளீஸும் யூரிபிடீஸும் ஆடப்படும் கல் வட்டத்தில் ஆட்டுமந்தைக்காரர்களின் 15 அசை அடிகளும் ஒலித்தன.

எங்கிருந்து தொடங்குவது என்ற கடைசிக் கேள்விக்கு: முதலில் லாஸ்கோஸின் 1955 'கோல்ஃபோ'வைப் பாருங்கள்; அதன் நடிப்புப் பாணி பழையது என்பதற்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள், கீட்சோஸை அவள் மறுக்கும் காட்சியையும் தாசோஸ் இணங்கும் காட்சியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே பாருங்கள். பிறகு 1929, 1959 ஆகிய இரண்டு 'அஸ்தேரோ'க்களில் கிடைப்பதைப் பார்க்கலாம். அதன் பின் 'மீள்நிகழ்த்தல்', கடைசியாக 'நாடகக் குழு'. வரிசையை மாற்றினால் கடைசிப் படத்தின் வலிமை பாதியாகிவிடும். 'கோல்ஃபோ' தெரியாதவருக்கு அதன் மேடை வெறும் அலங்காரம்.

'நாடகக் குழு' 1952இல் எயியோ ஊரில், பெட்டிகளோடு வந்திறங்கி நிற்கும் நடிகர்களோடு தொடங்குகிறது. நான்கு மணி நேரம் கழித்து அதே ஊரில், அதே போன்ற நிலையில் முடிகிறது. ஆனால் இப்போது ஆண்டு 1939. சுடப்பட்டவர்களும் காட்டிக்கொடுத்தவனும் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் இன்னும் உயிரோடு, ஒரே வரிசையில், களைத்துப்போய் நிற்கிறார்கள். 'கோல்ஃபோ' ஆட வந்திருக்கிறார்கள். எயியோ கொரிந்து வளைகுடாக் கரையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே உள்நாட்டில் எழுந்து நிற்பது ஹெல்மோஸ் மலை.